ஹோகன் கட்டம் ஏன் காலி? சார்ட் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

யார் யாரை ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள் என்று கட்டமும் கோடும் போட்டுக் காட்டும் ரெஸ்லிங் டோர்னமென்ட் சார்ட்டை எங்களிடம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். முதலில் மன்னிப்பு, அப்புறம் விளக்கம், கடைசியில் சார்ட்டை மாற்றிக்கொள்ளும் வழி. விளக்கம் கொஞ்சம் நீளும். இந்தப் பேச்சை எடுத்தால் எங்களுக்கு நிறுத்தத் தெரியாது, வாங்கியிருக்கும் உங்களுக்கும் அதே வியாதி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறோம்.

அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் கம்பெனி 1988இல் நடத்திய ரெஸில்மேனியா 4 நிகழ்ச்சியின் சார்ட்டில், முதல் அச்சில் ஆந்த்ரே தி ஜயன்ட் ஹல்க் ஹோகனை ஜெயித்து அரையிறுதிக்குப் போனதாகவும், அங்கே டெட் டிபியாசியிடம் தோற்றதாகவும் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது. கோடு போட நாங்கள் பயன்படுத்திய மென்பொருளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஜெயித்தவர் வேண்டும், காலியாக விட்டால் அது ஏற்காது, ஆங்கில அகர வரிசையில் எந்தப் பெயர் முன்னால் வருகிறதோ அதையே எடுத்துப் போட்டுவிடும். ஆந்த்ரே முன்னால் வந்தார், ஹோகன் பின்னால் போனார், நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பிழை பார்த்தும் அது கண்ணில் படவில்லை. இதில் பெரிய தமாஷ், ஆந்த்ரே அப்போது டிபியாசியிடம் கூலி வாங்கிக்கொண்டு சண்டை போட்ட ஆள். முதலாளியும் கூலியாளும் அரையிறுதியில் மோதிக்கொண்டதாக நாங்கள் ஒரு புதுச் சரித்திரமே எழுதியிருக்கிறோம்.

இரண்டாம் அச்சில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம். உடனே இன்னொரு பக்கத்திலிருந்து புகார்: கோடு பாதியில் நிற்கிறது, அரையிறுதியில் ஒரு பெயரே இல்லை, மை தீர்ந்துவிட்டதா? இல்லை. இரண்டாம் அச்சு சரியானது. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். 1988 பிப்ரவரி 5 அன்று ஆந்த்ரே ஹோகனிடமிருந்து சாம்பியன் பட்டத்தைப் பறிக்கிறார். ஹோகனின் தோள் தரையிலிருந்து எழுந்த பிறகும் ரெஃப்ரி மூன்று எண்ணிவிட்டார், அந்த ரெஃப்ரியே ஒரே முகச் சாயலுள்ள இரட்டையரில் ஒருவர். ஆந்த்ரே அங்கேயே பெல்ட்டை டிபியாசியிடம் கொடுத்துவிடுகிறார். பட்டம் கை மாற்றிக் கொடுக்கும் பொருள் இல்லை என்று கம்பெனித் தலைவர் ஜாக் டன்னி அதைக் காலி என்று அறிவிக்கிறார். அதற்காகத்தான் அதே ஆண்டு மார்ச் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் 14 பேர் டோர்னமென்ட், எல்லாம் ஒரே ராத்திரியில். 16 பேர் என்றால் கட்டங்கள் அழகாக நிரம்பும். 14 என்பதால் இரண்டு பேருக்கு முதல் சுற்று கிடையாது, அந்தச் சலுகை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஹோகனும் ஆந்த்ரேயும் நேரே கால் இறுதியில் சந்தித்தார்கள், இரண்டு பேரும் நாற்காலியை எடுத்தார்கள், இரண்டு பேருமே டிஸ்குவாலிஃபை. யாரும் ஜெயிக்காததால் அடுத்த கட்டம் காலி. டிபியாசி அரையிறுதி ஆடாமலே இறுதிக்குப் போனார்.

அந்தச் சார்ட்டில் இன்னொரு காலிக் கட்டமும் உண்டு, அதை ஏனோ யாரும் கேட்கவில்லை. முதல் சுற்றில் ரிக் ரூட், ஜேக் ராபர்ட்ஸ் சண்டை 15 நிமிட நேரம் முடிந்து டிரா. இருவரும் வெளியே, ஒன் மேன் கேங்குக்குக் கால் இறுதியில் ஓய்வு. (முதல் அச்சில் ஜேக் அடுத்த சுற்றுக்குப் போனதாக இருக்கும், அதே அகர வரிசைக் கைங்கரியம்.) இப்போது ராண்டி சாவேஜின் கோட்டை மட்டும் விரல் வைத்து நகர்த்திப் பாருங்கள். புட்ச் ரீட், கிரெக் வேலன்டைன், ஒன் மேன் கேங், கடைசியில் டிபியாசி. நான்கு சண்டை, ஒவ்வொன்றுக்கும் வேறு நிற அங்கியில் வந்தார். அவருடைய கோட்டில் மட்டும் ஒரு இடைவெளியும் இல்லை. அரையிறுதியில் எதிரே வந்தவர் ஒரு சுற்று சும்மா இருந்தவர், இறுதியில் வந்தவரும் அப்படித்தான். முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்து ஆடும் ஆட்டம் இது என்று நமக்கெல்லாம் தெரியும், ஆகவே அந்தக் காலிக் கட்டங்களையும் யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஹோகன், ஆந்த்ரே இருவரில் யாரும் தோற்ற பெயர் வாங்காமல் வழிவிட வேண்டும், சாவேஜ் களைத்துப் போயிருக்க வேண்டும், எதிரே நிற்பவர்கள் தெம்பாக இருக்க வேண்டும். கடைசியில் சாவேஜின் மேனேஜர் எலிசபெத் உள்ளே ஓடிப்போய் ஹோகனைக் கூட்டி வந்ததும், அவர் நாற்காலியால் டிபியாசியை அடித்ததும், சாவேஜ் மேலிருந்து முழங்கையோடு விழுந்ததும் உங்களுக்குத் தெரியும்.

இந்த வேலைக்காக மற்றச் சார்ட்டுகளையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே ஒன்று உறைத்தது. அதே கம்பெனியின் கிங் ஆஃப் தி ரிங் டோர்னமென்ட், 1993ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லெக்ஸ் லூகரும் டடாங்காவும் 15 நிமிட டிரா, அதனால் பாம் பாம் பிகலோவுக்கு அரையிறுதியே இல்லை. பிரெட் ஹார்ட்டோ ரேசர் ரமோன், மிஸ்டர் பெர்ஃபெக்ட், பிகலோ என்று ஒரே இரவில் மூன்று சண்டை ஆடி ஜெயித்தார். 1995இல் ஷான் மைக்கேல்ஸும் காமாவும் மறுபடி 15 நிமிட டிரா, இந்த முறை ஓய்வு மேபலுக்கு. எதிர்ப்பக்கம் சாவியோ வேகா நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு தகுதிச் சண்டை ஆடி, அப்புறம் யோகோசுனா, ரோடி என்று தாண்டி, நான்காவதாக மேபலுக்கு எதிரே வந்து நின்றார். மேபல் அன்று ஆடியதே இரண்டு சண்டை. ஆக மூன்று முறையும் டிராவினால் கிடைத்த ஓய்வு மலை மாதிரி ஒரு ஆளுக்குத்தான் போயிருக்கிறது, களைத்த ஆள் அந்த மலையோடு மோத வேண்டியிருக்கிறது. 1988லும் 1993லும் களைத்தவர் ஜெயித்தார், 1995இல் மலை ஜெயித்தது, அரங்கத்தில் கூட்டம் கடுப்பானது. எங்களில் ஒருவர் மட்டும் இன்றுவரை மேபலுக்கு வக்காலத்து வாங்குகிறார். அவர் கட்சிக்கு ஆள் சேரவில்லை.

இப்போது புரிந்திருக்கும், காலிக் கட்டத்தில் நாங்கள் ஏன் ஒரு கோடோ நட்சத்திரமோ போட்டு மூடவில்லை என்று. மூன்றாம் அச்சில் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் காரணத்தை மட்டும் சேர்த்திருக்கிறோம்: "இருவரும் தகுதி நீக்கம்", "நேரம் முடிந்து டிரா" என்று. கட்டம் காலியாகவே இருக்கும்.

அடுத்து, ஜப்பான் சார்ட் வாங்கியவர்களுக்கு. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஜி1 கிளைமாக்ஸ் போட்டியின் சார்ட்டில் கோடுகளே இல்லை, வெறும் கட்டமும் எண்ணும்தான் இருக்கிறது, பரீட்சை மதிப்பெண் பட்டியல் மாதிரி இருக்கிறது என்று பலர் சொன்னீர்கள். நியாயம்தான், ஆனால் அந்தப் போட்டியே அப்படி. அது நாக் அவுட் கிடையாது, லீக். ஒரு பிரிவில் இருக்கும் எல்லோரும் எல்லோரோடும் மோதுவார்கள், ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு 1. கென்னி ஒமேகா ஜெயித்த 2016ஐப் பாருங்கள், ஜப்பானியர் அல்லாத ஒருவர் அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பிரிவுக்குப் பத்துப் பேர், இரண்டு பிரிவு, ஆகப் பிரிவுக்கு 45 சண்டை, இறுதியோடு சேர்த்து மொத்தம் 91. இதற்குக் கோடு போட்டால் நூல்கண்டுதான் வரும். பிழை பார்க்கும்போது ஒரு சௌகரியம் உண்டு, பத்துப் பேர் புள்ளிகளைக் கூட்டினால் 90 வர வேண்டும், எத்தனை டிரா ஆனாலும் அது மாறாது. 88 வந்தால் எங்கேயோ ஒரு சண்டையை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இரண்டு முறை 88 வந்தது, தேடிக் கண்டுபிடித்தோம். ஆந்த்ரேக்கும் இப்படி ஒரு கூட்டல் இருந்திருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

லீக் சார்ட்டில் நாங்கள் போய் நிற்கும் இடம் எப்போதும் கடைசி வரிசைதான். 1991இல் முதல் ஜி1 நடந்தபோது மொத்தம் எட்டே பேர், பிரிவுக்கு நான்கு. ரிக்கி சோஷு அதில் மூன்றிலும் தோற்றார், பூஜ்யம். அந்தக் காலத்தில் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பூஜ்யம் எவ்வளவு சத்தமானது என்று புரியும். மசாஹிரோ சோனோவும் ஹாஷிமோட்டோவும் சமமாக நின்றதால் கூடுதலாக ஒரு சண்டை வைக்க வேண்டியிருந்தது, அதையும் ஜெயித்து, அதே நாளில் கெய்ஜி முட்டோவையும் ஜெயித்து சோனோ கோப்பையை எடுத்தார், ரியோகோகு அரங்கத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருந்த மெத்தைகளை வீசினார்கள். தலைமுறை கை மாறியது சார்ட்டில் எங்கே தெரிகிறது என்றால் அந்தக் கடைசி வரிசைப் பூஜ்யத்தில். 1992 போலச் சில ஆண்டுகளில் ஜி1ஐ நாக் அவுட்டாக நடத்தினார்கள், அதனால் அந்த ஆண்டுத் தாள்களில் மட்டும் கோடு இருக்கும், மாற்றி அனுப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 1992 கோப்பையையும் சோனோதான் எடுத்தார், மொத்தம் ஐந்து முறை.

அமெரிக்கக் கம்பெனிகளும் லீக் முறையைத் தொட்டுப் பார்த்திருக்கின்றன. 1989 ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் ஸ்டிங், லூகர், ரிக் ஃபிளேர், கிரேட் முட்டா என்று நான்கு பேர், ஒரே இரவு. எதிராளியின் தோளைத் தரையில் அழுத்திப் பிடித்து (பின்) ஜெயித்தால் 20, வெளியே போனவர் எண்ணி முடிப்பதற்குள் திரும்பாத கவுண்ட் அவுட்டுக்கு 15, டிஸ்குவாலிஃபிகேஷனுக்கு 10, டிராவுக்கு 5 என்று ஒரு விசித்திரமான கணக்கு. ஸ்டிங் 40, லூகர் 35, ஃபிளேர் 25, முட்டா பூஜ்யம். (1991 இறுதியில் தோற்ற அதே முட்டோதான் இந்த முட்டா, அவர் நிலைமையைப் பாருங்கள்.) இப்போது ஏ.இ.டபிள்யூ கம்பெனி 2023இலிருந்து நடத்தும் கான்டினென்டல் கிளாசிக் லீக்கில் ஜெயித்தால் 3, டிராவுக்கு 1. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் அங்கே டிரா என்பது பாதி வெற்றி இல்லை, மூன்றில் ஒரு பங்குதான், அதனால் நேரம் முடியப் போகிற கடைசி நிமிடத்தில் இருவரும் தவிக்கிற தவிப்பு கூடுதல். முதல் ஆண்டு அதை எடி கிங்ஸ்டன் ஜெயித்தார், மாக்ஸ்லியை வீழ்த்தி. எங்களுக்கு மிகவும் பிடித்த சார்ட் அது.

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு வேகமாகப் பதில் சொல்லிவிடுகிறோம். ராயல் ரம்பிள் ஏன் இல்லை? அது டோர்னமென்ட் இல்லை, எல்லோரும் சேர்ந்து மோதும் ஒரே பெரிய சண்டை. 2024 கிங் ஆஃப் தி ரிங் இறுதியில் ராண்டி ஆர்டனின் ஒரு தோள் தரையில் படவே இல்லையே, குந்தர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வேண்டாமா? எங்கள் கண்ணுக்கும் படவில்லை, ஆனாலும் ரெஃப்ரி மூன்று எண்ணினால் மூன்றுதான், நட்சத்திரம் போட ஆரம்பித்தால் வானம் மாதிரி ஆகிவிடும் தாள். 1998 சர்வைவர் சீரிஸில் ராக், பிக் பாஸ் மேன் சண்டைக்கு நேரம் "0:04" என்று இருக்கிறதே? அது சரி, நான்கே நொடி. பெண்களுக்கான 2017 ‘மே யங் கிளாசிக்’ டோர்னமென்டில் நம் நாட்டுக் கவிதா தேவி பெயர் முதல் சுற்றோடு நின்றுவிடுகிறதே? நின்றுதான் போனது, டகோட்டா காய் ஜெயித்தார், ஆனால் சல்வாரில் வந்து அவர் ஆடிய அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் இரண்டாம் சுற்று யார் என்பதையே மறந்துவிட்டார்கள்.

1979 ரியோ டி ஜெனிரோ சார்ட் கேட்டு எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாட் பாட்டர்சன் அங்கே ஒரு டோர்னமென்ட் ஜெயித்து முதல் இன்டர்கான்டினென்டல் சாம்பியன் ஆனார் என்பதுதான் அதிகாரபூர்வக் கதை. அப்படி ஒரு டோர்னமென்ட் நடக்கவே இல்லை. யாரும் யாரோடும் மோதவில்லை, பெல்ட் மட்டும் வந்தது. அதைத்தான் அச்சடித்திருக்கிறோம்: எல்லாக் கட்டமும் காலி, கோடுகள் மட்டும், கடைசியில் ஒரே ஒரு பெயர். எங்கள் பழைய மென்பொருளில் அந்தத் தாளைப் போட்டபோது அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் மென்பொருளை விட்டுவிட்டுக் கையால் கோடு போட ஆரம்பித்தோம்.

மாற்றிக்கொள்ள: உங்கள் ரெஸில்மேனியா 4 சார்ட்டின் வலது கீழ் மூலையில் அச்சு எண் இருக்கும். 1 என்று இருந்தால் அதைப் படம் எடுத்து, வாங்கிய ரசீது எண்ணோடு எங்களுக்கு அனுப்புங்கள், மூன்றாம் அச்சை எங்கள் செலவில் அனுப்பிவைக்கிறோம். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பெயரைச் சொன்னால் போதும், எங்கள் கணக்கில் இருக்கும். 2 என்று இருந்தால் உங்கள் சார்ட் சரியானது, ஆனாலும் காரணக் குறிப்பு உள்ள தாள் வேண்டுமென்றால் கேளுங்கள். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆந்த்ரே ஹோகனை ஜெயித்த ஒரே தாள் என்று அதைப் பத்திரப்படுத்தப் போவதாக ஏற்கெனவே சிலர் எழுதிவிட்டார்கள்.

இப்படிக்கு,
சார்ட் போடும் மூன்று பேர்