எங்கள் சாப்பாட்டுக்கு எந்த வைன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஈஸ்ட்ஹாம், லண்டன்
ஒக்ரோபர் 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கடைக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். வைன் இறாக்கையில் ஒவ்வொரு போத்தலுக்கும் கீழே ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது, அதில் இரண்டு எண்கள். “இதென்ன தம்பி, ரெண்டு விலையா?” என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அது விலை இல்லை, புள்ளி. பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது முழுவதையும் விளங்கப்படுத்த முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் எண், அந்த வைனைத் தனியாகக் குடித்துப் பார்த்துப் பத்துக்கு நாங்கள் போட்ட புள்ளி. இரண்டாவது எண், அதே வைனை எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு குடித்துப் பார்த்துப் போட்டது. சில போத்தல்களுக்கு எட்டும் மூன்றும் கிடைத்தன. சிலவற்றுக்கு ஐந்தும் எட்டும். இனிமேல் கடைக்குச் சரக்கு எடுப்பது இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான்.

இது தொடங்கியது சித்திரையில். பல வருடமாக எங்களிடம் வரும் ஒரு ஐயா, மகளின் நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு வைன் கேட்டார். ஆட்டிறைச்சிக் கறி என்றார். நான் யோசிக்கவே இல்லை. ஆர்ஜன்டீனாவின் மெண்டோசாவிலிருந்து வரும் மல்பெக் என்ற சிவப்பு வைன், அற்ககோல் 14.5%, ஆறு போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை வந்து சொன்னார்: “வைன் பிழையில்லை தம்பி. ஆனால் கறியோட குடிக்க வாய் முழுக்க எரியுது. பிள்ளைகள் ஒரு வாயோட வைச்சிட்டினம்.” எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன் என்று மொத்தமாக விற்பவர்கள் தரும் தாளில் இருப்பதைத்தான் நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளில் உள்ள இறைச்சியில் உப்பும் மிளகும் மட்டும்தான். நாங்கள் வறுத்து இடித்த கறித்தூள் அதற்குத் தெரியாது.

ஏன் எரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது விளங்கினால் மற்றதெல்லாம் சுலபம். மிளகாயின் உறைப்பு உண்மையில் சுவை இல்லை. மிளகாயில் உள்ள கப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்கிற நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. சுடாத கறியும் வாயைச் சுடுவது அதனால்தான். அற்ககோலும் அதே நரம்புகளைத்தான் தட்டுகிறது. ஆகவே உறைப்புக் கறிக்கு மேல் 14.5% வைன் போனால் எரிச்சல் இரண்டு மடங்கு போலத் தெரிகிறது. சிவப்பு வைனில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு, வாழைக்காய்க் கறை போல நாக்கை இழுத்து, அதை இன்னும் கூட்டுகிறது. தண்ணீர் குடித்தும் பலன் இல்லை, கப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில் கரையும். தேங்காய்ப்பால் விட்ட கறி ஏன் சாந்தமாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வைனில் உறைப்பைத் தணிக்கக்கூடியவை மூன்று: கொஞ்சம் இனிப்பு, குறைந்த அற்ககோல், நல்ல குளிர்ச்சி.

சரி, எப்படிச் சுவைத்தோம்? ஐந்து ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிய பிறகு, கடைக்கு மேலே எங்கள் வீட்டுச் சமையலறையில். நானும் மனைவியும், சமையல் தொழில் செய்யும் என் மைத்துனர், இந்தத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வைன் பற்றி எதுவுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுத் தம்பி. மொத்தம் 31 போத்தல், எல்லாமே 11 பவுணுக்கு உட்பட்டவை. போத்தல்களைப் பேப்பரால் சுற்றி இலக்கம் போட்டுவிடுவோம், விலையும் நாடும் யாருக்கும் தெரியாது. முதலில் வெறும் வாயோடு சுவைத்து ஒரு புள்ளி. பிறகு சோறும் கறியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு புள்ளி. எழுதி முடியும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. அந்தத் தம்பியின் புள்ளிகள்தான் கடைசியில் எங்கள் சராசரிக்கு மிகக் கிட்ட வந்தன.

நூறுக்குப் புள்ளி போடும் முறையை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பிரபலமாக்கினார். இங்கே இங்கிலாந்தில் இருபதுக்குப் போடுபவர்கள் உண்டு. எங்களுக்குப் பத்து போதும். ஒன்பது பவுண் வைனுக்கு 87 தருவதா 88 தருவதா என்று பிரித்துச் சொல்லுமளவு கூர்மை எங்கள் நாக்குக்கு இல்லை, உங்களுக்கும் அது உதவப்போவதில்லை.

இரண்டாவது ஞாயிறு நண்டு. முருங்கையிலை போட்டு, கறித்தூள் தாராளமாக விட்டு மனைவி வைத்த குழம்பு. அன்றைக்கு வைத்த ஆறு வைன்களில் நாலாம் இலக்கம், வெறும் வாயோடு குடிக்கும்போது ஐந்து பேருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மெல்லிசு, லேசான இனிப்பு, பச்சை ஆப்பிள் போலப் புளிப்பு. ஆசிரியை “சர்பத்” என்று எழுதி ஐந்து போட்டிருந்தார். பிறகு சாப்பாடு தொடங்கியது. கால்களை உடைத்து உறிஞ்சி, விரலெல்லாம் குழம்பு. யாருடைய மூக்கும் உலர்ந்திருக்கவில்லை. எல்லோரும் இடது கையால் கிளாஸைத் தூக்குகிறோம். முதலாம் இலக்கம், ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற கனமான வெள்ளை வைன், நண்டுக்கு முன்னால் கசந்துபோனது. நாலாம் இலக்கத்துக்கு வந்தபோது மேசையில் சத்தமே இல்லை. உறைப்பு அடங்குகிறது, நண்டின் இனிப்பு மேலே வருகிறது, வாய் கழுவியது போல அடுத்த துண்டுக்குத் தயாராகிறது. ஆசிரியை ஒன்பது போட்டார். பேப்பரைப் பிரித்தால் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு றீஸ்லிங் என்ற வெள்ளை வைன், லேசான கபினெட் வகை, 9% மட்டும். எங்கள் கடையில் 10.50 பவுண். ஒன்றரை வருடமாகக் கீழ்த்தட்டில் தூசி பிடித்துக் கிடந்த போத்தல் அது. இப்போது கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறோம். லேபிளில் ‘ட்ரொக்கன்’ என்று இருந்தால் அது இனிப்பில்லாத றீஸ்லிங், நண்டுக்கு அதை எடுக்காதீர்கள்.

மீன் குழம்பு வேறு விஷயம். அதில் உறைப்பைவிடப் பழப்புளிதான் ஆளுகிறது. புளிப்புக் குறைந்த வைன் பழப்புளிக்கு முன்னால் தண்ணீராகிவிடும். வைனின் புளிப்பு கறியின் புளிப்புக்கு ஈடாவது இருக்கவேண்டும். பிரான்சின் தெற்கே தோ என்ற கடலேரிக் கரையில் விளையும் பிக்பூல் என்ற வெள்ளை வைன் இதில் முதலாவதாக வந்தது. அந்த ஏரியில் சிப்பி வளர்க்கிறார்கள், அந்த ஊர்க்காரர் சிப்பியோடுதான் இதைக் குடிக்கிறார்கள். எங்கள் விளைமீன் குழம்போடும் அது அப்படியே சேர்ந்தது. அதற்கு அடுத்தது வடமேற்குப் போர்த்துக்கலின் விஞ்யோ வெர்டே, 7.75 பவுண், நாக்கில் சின்னதாகக் குறுகுறுக்கும். விலைக்கு இதைவிட நல்ல வைன் இப்போது எங்கள் கடையில் இல்லை. மீனோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் ஒரு வெடுக்கு நிற்பதை அனுபவித்திருப்பீர்கள். வைனில் உள்ள இரும்புச் சத்துதான் காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் இதில் சிவப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது அந்த ஐயாவின் ஆட்டிறைச்சிக் கறி. மூன்று ஞாயிறு இதற்கே போனது. துவர்ப்புக் குறைந்த சிவப்புத்தான் விடை. பிரான்சின் போஜொலே பகுதியில் கமே என்ற திராட்சையில் செய்வது, 12.5%, அரை மணித்தியாலம் பிறிட்ஜில் வைத்து எடுக்கவேண்டும். சிவப்பு வைனைக் குளிர வைப்பதா என்று கேட்காதீர்கள், போஜொலேக்காரரே அப்படித்தான் குடிக்கிறார்கள். செர்ரிப் பழ மணம், வறுத்த மல்லி சீரகத்தோடு சண்டை பிடிக்காமல் போகிறது. தனியாக ஆறு, கறியோடு எட்டு. குழம்பில்லாத பிரட்டலாக, மிளகு தூக்கலாக வைத்தால் ஸ்பெயினின் ரியோஹா கிரியான்சாவும் நல்லது. மல்பெக்கை நாங்கள் கைவிடவில்லை. மிளகாய் போடாமல் நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கு அது அருமை. அதன் அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

பன்றி இறைச்சிக் கறிக்கு இத்தாலியின் லாம்புருஸ்கோ, இனிப்பில்லாத வகை. சிவப்பு நிறத்தில் நுரைக்கும் வைன், கொழுப்பை வெட்டிக்கொண்டு போகும். சொதியும் இடியப்பமும் என்றால் ஷெனன் பிளாங் என்ற தென்னாபிரிக்க வெள்ளை வைன். கொத்துரொட்டிக்கு ஸ்பெயினின் நுரைக்கும் வைன் காவா. கத்தரிக்காய்ப் பால் கறி, பருப்பு, மரக்கறிச் சாப்பாட்டுக்கு இளஞ்சிவப்பு நிற ரோஸே, இனிப்பில்லாத வகை.

றோல்ஸுக்கும் பற்றிஸுக்கும் ஒன்று சொல்லவேண்டும், இது என் சொந்தப் பிரியம். ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்து ஃபீனோ ஷெரி. ஷெரி என்றால் பாட்டிமார் குடிக்கும் இனிப்புச் சாமான் என்று இந்த நாட்டில் ஒரு எண்ணம் இருக்கிறது. ஃபீனோ சொட்டு இனிப்பும் இல்லாதது, உப்புக் காற்று போல, பாதாம் பருப்புப் போல ஒரு மணம். 15% என்பதால் சின்னக் கிளாஸில், நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கவேண்டும். எண்ணெயில் பொரித்து எடுத்த எதற்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அரைப் போத்தல் 7.50 பவுண். திறந்தால் பிறிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

‘ஆசியச் சாப்பாட்டுக்குக் கெவுர்ஸ்ட்ராமினர்’ என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கும். நாங்களும் நம்பித்தான் அந்த வெள்ளை வைனில் மூன்று வகை வைத்தோம். அதன் ரோசாப்பூ மணமும் லைச்சிப் பழ மணமும் தனியாகக் குடிக்கையில் அழகு. ஆனால் வறுத்த பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் இருக்கும் இடத்தில் இரண்டு வாசனைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. புளிப்பும் குறைவு. மீன் குழம்போடு மூன்று புள்ளிக்கு மேல் ஒருவரும் போடவில்லை. ஆசியா என்று ஒரே சாப்பாடு கிடையாது என்பதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

விலைக்கு வருகிறேன். ஏன் எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையிலேயே அதிகம் தேடினோம் என்று கேட்பீர்கள். 2023 ஓகஸ்டிலிருந்து இங்கே வைன் வரி அற்ககோல் அளவைப் பொறுத்தது. முதல் ஒன்றரை வருடம் 11.5% முதல் 14.5% வரை எல்லாவற்றையும் 12.5% என்று கணக்கிட்டு, போத்தலுக்கு 2.67 பவுண் எடுத்தார்கள். 2025 பெப்ரவரி முதலாம் திகதியோடு அந்தச் சலுகை முடிந்தது. அன்றைய கணக்கில் 13% போத்தலுக்கு 2.88 பவுண், 14.5% என்றால் 3.21. இதற்கு மேல் 20% வற் என்ற விற்பனை வரி. ஆக, அந்த 2025 கணக்கில் 7 பவுண் கொடுத்து 13% வைன் வாங்கினால் 4.05 அரசாங்கத்துக்குப் போகிறது. மிச்சம் 2.95இல்தான் திராட்சை, கண்ணாடிப் போத்தல், கப்பல், லொறி, எங்கள் வாடகை எல்லாம். 10 பவுண் போத்தலில் அந்த மிச்சம் 5.45. மூன்று பவுண் கூடக் கொடுத்தால் உள்ளே இருக்கும் சாமானுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பணம் போகிறது. எங்கள் கறிக்குப் பொருந்தும் 9%, 11% வைன்களுக்கு வரியும் குறைவு.

ஒரு போத்தல் பிழை என்றால் தயங்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். தக்கை அடைத்த வைன்களில் சிலவேளை மழையில் நனைந்த மட்டைப்பெட்டி மணம் வரும். அது தக்கையில் பிடிக்கும் ஒரு கெட்ட மணம், உடலுக்குக் கேடில்லை, ஆனால் வைன் போச்சு. கொண்டுவரும்போது வைனை ஊற்றிவிடாமல் போத்தலோடு கொண்டுவந்தால் போதும், பணத்தைத் தந்துவிடுவோம். பலர் தங்களுக்கு ரசனை இல்லையென்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இன்னுமொன்று. இங்கே குடிக்கும் அற்ககோலை யூனிற் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள், 13% வைன் ஒரு போத்தல் ஏறக்குறைய பத்து யூனிற். கிழமைக்கு 14 யூனிற்றைத் தாண்ட வேண்டாம் என்று இங்கே வைத்திய ஆலோசனை இருக்கிறது. விற்கிறவன் நானே சொல்கிறேன், சாப்பாட்டு மேசையில் ஒரு போத்தலை நாலு பேர் பகிர்ந்தால் அது சரியான அளவு. காரில் வந்தவருக்கு ஊற்றாதீர்கள்.

ஒடியல் கூழுக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. நண்டு, இறால், மீன், பழப்புளி, மிளகாய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே சட்டியில் இருக்கிறபடியால் மூன்று வைன் வைத்தும் நாலுக்கு மேல் புள்ளி ஏறவில்லை. கார்த்திகையில் திரும்பவும் கூழ் காய்ச்சப் போகிறோம். கூழோடு குடித்து உங்களுக்குப் பிடித்த வைன் ஏதும் இருந்தால் கடைக்கு வரும்போது பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். போத்தலை நாங்கள் எடுப்பித்து வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்