வெஸ்ட் ஹாம் உதைபந்தாட்டக் கழக இயக்குநர் சபைக்கு ஒரு திறந்த மடல்: இந்த முகாமையாளரையாவது முழுமையாகப் பணிசெய்ய விடுங்கள்

கிழக்கு இலண்டன்
2025 ஒக்டோபர் 22

மதிப்பிற்குரிய தலைவர் திரு. டேவிட் சல்லிவன் அவர்களுக்கும், துணைத் தலைவர் கரன் பிராடி அம்மையாருக்கும், திரு. டானியல் கிரெட்டின்ஸ்கி உள்ளிட்ட இயக்குநர் சபையினர் அனைவருக்கும்,

வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை இரவு பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு நானும் என் மகளும் வந்திருந்தோம். எங்களுக்கு வலப்பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. அந்த இருக்கைக்குரியவர் கனிங் டவுனைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். கழகத்தின் பழைய மைதானமான அப்டன் பார்க் காலத்திலிருந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்து ஆட்டம் பார்த்தவர். இடைவேளைக்குச் சற்று முன்னர் சட்டைப்பையைத் துழாவி என் மகளுக்கு ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டுவது அவருடைய வழக்கம். இயக்குநர் சபைக்கு எதிராக ரசிகர்கள் நடத்தும் புறக்கணிப்பில் தானும் சேர்ந்துகொள்வதாக முதல்நாளே தொலைபேசியில் சொன்னார். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கவலை வந்திராது. களைத்துப்போன ஒரு மனிதரின் குரல்தான் அதில் இருந்தது. அன்றிரவு எங்களைச் சுற்றி அவ்வாறு காலியாகக் கிடந்த இருக்கைகளை எண்ணிமாளாது. ஆட்டம் 2-0 என்று தோல்வியில் முடிந்தபோது, இருந்தவர்களிலும் பலர் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

எட்டு ஆட்டங்களில் நான்கு புள்ளிகள். சொந்த அரங்கில் ஆடிய நான்கிலும் தோல்வி: செல்சி, டொட்டன்ஹாம், கிறிஸ்டல் பலஸ், இப்போது பிரென்ட்ஃபோர்ட். ஆறு கோல் போட்டுப் பதினெட்டு வாங்கியிருக்கிறோம். புள்ளிப்பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம். இவை உங்களுக்குத் தெரியாத கணக்குகள் அல்ல. ஆனால் இந்தக் கணக்குகளைப் பார்த்துவிட்டு அடுத்ததாக நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று.

என்னைப் பற்றி ஓரிரு வரிகள் சொல்ல அனுமதியுங்கள். எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈஸ்ட் ஹாமில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்டன் பார்க் எனப்பட்ட பழைய பொலின் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் போகவேண்டாம் என்று தொடக்கத்தில் அப்பா எங்களைத் தடுத்தார்; எங்களுக்கு முன்னர் வந்த தெற்காசியர்கள் அந்தத் தெருவில் பட்ட பாட்டை அவர் கேள்விப்பட்டிருந்தார். அதே அப்பாதான் சில வருடங்களின் பின்னர், தான் வேலைசெய்த கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் கொடுத்த இரண்டு ரிக்கெற்றுகளோடு என்னைக் கையில் பிடித்து அழைத்துப்போனார். அந்த மைதானத்தில் கோர்னர் உதைக்க வரும் வீரர் மூச்சு வாங்குவதும் கேட்கும். அவ்வளவு அருகில் இருந்தோம். அந்தப் பகுதியில் பிறகு பிறந்து வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இந்த ஊர் எங்களுடையதும்தான் என்று முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தச் சிவப்பும் நீலமும் கலந்த சட்டைதான். இந்தக் கழகத்தைப் பற்றி நான் உணர்ச்சிவசப்பட்டு எழுதினால், காரணம் அதுவே.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நாங்கள் தேநீர் குடிக்கும் கடையில் இரண்டு வாரமாக ஒரே வாக்குவாதம்தான். இப்போதைய முகாமையாளர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவை நியமித்ததே பிழை, அவருடைய பாணி நம்முடைய வீரர்களுக்குப் பொருந்தாது, நத்தாருக்கு முன்னரே மாற்றாவிட்டால் சம்பியன்ஷிப் எனும் இரண்டாம் பிரிவுதான் கதி என்கிறார்கள் ஒரு சாரார். அவருக்கு முன்னிருந்த கிரேம் பொட்டரை அவசரப்பட்டு அனுப்பியதுதான் பிழை என்கிறார்கள் மற்றவர்கள். பொட்டரைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை: 25 ஆட்டங்களில் ஆறு வெற்றி என்பது எந்த முகாமையாளரையும் காப்பாற்றாது. கோர்னர் உதை வரும் ஒவ்வொரு தடவையும் நம்முடைய கோல் வாயிலில் நிலவிய குழப்பத்தை, செல்சியும் டொட்டன்ஹாமும் பலஸும் அடுத்தடுத்துப் பயன்படுத்திக்கொண்டதை நேரில் இருந்து பார்த்தவன் நான். ஆனாலும் இந்த வாக்குவாதம் முழுவதும் ஒரே நாற்காலியைச் சுற்றியே நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களை அமர்த்தியவர்கள் மாறவில்லை.

2024 மே மாதத்தில் முகாமையாளர் டேவிட் மோயஸ் விடைபெற்றார். அதன்பின் பதினாறு மாதங்களுக்குள் மூவரை நியமித்துவிட்டீர்கள். ஹூலன் லொபெத்தேகி வந்தார். அவருக்காக ஒரே கோடையில் 100 மில்லியன் பவுணுக்கு மேல் செலவிட்டு வீரர்களை வாங்கினீர்கள். அடுத்த ஜனவரி 8ஆம் திகதி அவர் நீக்கப்பட்டார். மறுநாளே பொட்டர் வந்தார். வீரர் தெரிவுக்குப் பொறுப்பாக இருந்த டிம் ஸ்டைட்டன் அடுத்த மாதமே கழகத்தை விட்டு வெளியேறினார். இந்தக் கோடையில் மொஹமட் குதூஸை டொட்டன்ஹாமுக்கு விற்றோம். முந்திய பருவத்தில் தரமிறங்கிய லெஸ்டரிலிருந்து கோல் காப்பாளரையும், தரமிறங்கிய சவுத்ஹம்டனிலிருந்து மத்திய கள வீரரையும் வாங்கினோம். அந்த இளைஞர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மத்தேயுஸ் ஃபெர்னாண்டஸ் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் இன்னும் நம்பிக்கை வருகிறது. என் கேள்வி வேறு. பந்தைத் தன்வசம் வைத்திருக்க விரும்பும் ஒருவருக்காக வாங்கிய அணியை, மூன்று தடுப்பாளர்களோடு ஆட விரும்பிய இன்னொருவரிடம் கொடுத்து, அதன்பின் பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குதல் நடத்துவதில் பெயர்பெற்ற மூன்றாமவரிடம் செப்டெம்பர் 27ஆம் திகதி, அதாவது வீரர்களை வாங்கும் காலம் முடிந்து நான்கு வாரங்களின் பின்னர், ஒப்படைத்திருக்கிறீர்களே, இதில் எந்த இடத்தில் யாருடைய திட்டம் நடைமுறையில் இருந்தது?

அணி எப்படி ஆட வேண்டும், அதற்கு எவ்வகை வீரர்கள் தேவை, எவரை எப்போது விற்பது என்பவற்றையெல்லாம் முகாமையாளர் வருமுன்னரே தீர்மானித்து வைத்திருக்கும் ஒரு பிரிவு பல கழகங்களில் உண்டு. இலண்டன் போன்ற பெருநகரில் இருக்கிறோம் என்ற பெருமை இல்லாத பிரைட்டனும், திங்களன்று நம்மை நம்முடைய அரங்கிலேயே வென்ற பிரென்ட்ஃபோர்டும் அப்படித்தான் இயங்குகின்றன. பிரென்ட்ஃபோர்டின் முகாமையாளர் தோமஸ் ஃபிராங்க் இந்தக் கோடையில் டொட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். முன்கள வீரர்களான எம்பூமோவும் விசாவும் போய்விட்டார்கள். ஆயினும் அவர்கள் நம்மைவிட ஒழுங்காக ஆடினார்கள். நம்மிடமோ இந்த முடிவுகள் தலைவரின் நேரடித் தலையீட்டோடுதான் எடுக்கப்படுகின்றன என்பது பல்லாண்டுகளாக யாவரும் அறிந்த செய்தி. ஐயா, நீங்கள் இந்தக் கழகத்துக்காகச் செலவிட்ட பணத்தையும் நேரத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2010இல் கடனில் தத்தளித்த கழகத்தை நீங்களும் மறைந்த டேவிட் கோல்ட் அவர்களும் பொறுப்பேற்றதை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் வீரர் தெரிவு என்பது இன்று முழுநேரத் தொழிற்றுறை. அதை அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

முகாமையாளரை மாற்றுவதால் எப்போதும் கெடுதிதான் என்று நான் வாதிடவில்லை. 2006 டிசம்பரில் அலன் பார்டியூவுக்குப் பதிலாக வந்த அலன் கர்பிஷ்லி, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, ஓல்ட் ட்ரபோர்டில் கார்லோஸ் டெவெஸ் போட்ட ஒற்றைக் கோலோடு நம்மைக் காப்பாற்றினார். மாற்றாமல் இருந்தும் கெட்டிருக்கிறோம்: 2003இல் டி கானியோ, ஜோ கோல், கரிக், டெஃபோ என்று இத்தனை பேர் இருந்தும், இந்த அணி கீழே போகாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கையில், 42 புள்ளிகளோடு தரமிறங்கினோம். 38 ஆட்டங்கள் கொண்ட பிரீமியர் லீக் பருவத்தில் அவ்வளவு புள்ளிகள் எடுத்தும் இறங்கிய அணி வேறில்லை. பேர்மிங்ஹாமில் கடைசி ஆட்டம் 2-2 என முடிந்த அன்று, அப்பா கடையிலிருந்த வானொலியை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் எவரும் இல்லாத நேரத்தில் தட்டுகளில் இருந்த தகரப்பேணிகளை எடுத்து எடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தது எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது.

ஆனால் மாற்றுவதைவிடவும் மாற்றாமல் இருப்பதைவிடவும் மோசமான ஒரு வழி உண்டு. அதை 2011இல் நீங்களே கண்டீர்கள். அந்த ஜனவரியில் அப்போதைய முகாமையாளர் அவ்ரம் கிராண்டின் இடத்துக்கு வேறொருவர் வரப்போகிறார் என்ற செய்தி வெளியே கசிந்தது, வருவதாகச் சொல்லப்பட்டவர் வரவில்லை, கிராண்ட் தொடர்ந்தார். தன்னை அனுப்பத் தயாராக இருந்தவர்களின் கீழ் ஒருவர் நான்கு மாதம் பணிசெய்தார். அவருடைய சொல்லுக்கு உடைமாற்றும் அறையில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? விகனில் 2-0 என்று முன்னணியில் இருந்து 3-2 என்று தோற்றுத் தரமிறங்கினோம். அன்றே அவரை நீக்கினீர்கள். இப்போது நூனோ வந்து நான்கு வாரங்கூட ஆகவில்லை; அதற்குள் அடுத்தவர் யார் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. நீங்கள் மௌனமாக இருந்தால் அந்தப் பேச்சு வளரும்.

இதற்கு மாறான முன்னுதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2022–23 பருவத்தில் மோயஸின் அணி மாதக்கணக்கில் தரமிறக்கத்தின் விளிம்பில் நின்றது. அவரை அனுப்புங்கள் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. நீங்கள் அசையவில்லை. அந்த யூன் 7ஆம் திகதி பிராக் நகரில் நடந்த ஐரோப்பிய கொன்பரன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், தொண்ணூறாவது நிமிடத்தில் ஜரொட் போவன் பந்தோடு ஓடி ஃபியொரென்டினாவின் கோலுக்குள் அனுப்பியபோது, பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டுப் பேசமுடியாமல் அழுதார். நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் நமக்குக் கிடைத்த முதலாவது பெரிய கிண்ணம் அது. அன்று நீங்கள் காட்டிய பொறுமைதான் சரியென்று தெரிந்தது. என் கூச்சல் பிழை.

அந்தப் பொறுமைக்கு நூனோ தகுதியானவர் என்றே நான் கருதுகிறேன். வுல்வ்ஸ் அணியை 99 புள்ளிகளோடு மேலே கொண்டுவந்து, அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் ஏழாம் இடத்தில் நிறுத்தினார். அங்கே அவருக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன. நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டில் நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்ட பருவத்தில் தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றி, அடுத்த பருவமே ஏழாம் இடம் பிடித்தார். டொட்டன்ஹாமில் நான்கு மாதங்களில் அனுப்பப்பட்டார். நேரம் கிடைத்த இடத்தில் என்ன செய்தார், கிடைக்காத இடத்தில் என்ன ஆயிற்று என்பது இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. திங்களன்று அவர் நிறுத்திய அணியை நானும் ஏற்கவில்லை; ஆனால் அவர் தெரிந்தெடுக்காத வீரர்களில் யாரால் எது முடியும் என்பதை அவர் இன்னும் அறிந்துகொண்டிருக்கிறார் என்பதையும் காண்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறீர்கள். இந்தப் பருவம் எந்தப் பிரிவில் முடிந்தாலும் அந்த ஒப்பந்தத்தை மதிப்போம் என்று இப்போதே, உங்கள் பெயரில், பகிரங்கமாகச் சொல்லுங்கள். ஜனவரியில் வீரர்களை வாங்கும் காலம் தொடங்குமுன் முழு அதிகாரமுள்ள ஒரு விளையாட்டுப் பணிப்பாளரை நியமியுங்கள். அவருடைய முடிவுகளில் தலையிடாதீர்கள். ஓடக்கூடிய ஒரு மத்திய கள வீரரும், உடல்தகுதியோடு ஒரு முன்கள வீரரும் தேவை என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லைதான். ஆயினும் யார், என்ன விலைக்கு என்பதை நிபுணர் ஒருவரே தீர்மானிக்கட்டும்.

தரமிறங்கினால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அரங்கின் ஒப்பந்தப்படி வாடகைகூடப் பாதியாகக் குறையும் என்று அறிகிறோம். ஆனால் சமையலறையிலும், கடைகளிலும், பயிற்சி மைதானத்திலும் வேலைசெய்யும் மனிதர்களுக்கு அப்படி எந்தச் சலுகையும் எழுதிவைக்கப்படவில்லை. கடந்த தரமிறக்கங்களின்போது முதலில் வேலை இழந்தவர்கள் எவரும் கோல் தவறவிட்டவர்கள் அல்லர்.

வெள்ளிக்கிழமை இரவு லீட்ஸில் ஆட்டம். நவம்பர் 2ஆம் திகதி நியூகாசில் நம்முடைய அரங்குக்கு வருகிறது. அந்த ஞாயிறன்று வருவீர்களா என்று பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் நேற்றுக் கேட்டேன். அவர்கள் ஏதாவது சொன்னார்களா என்று திருப்பிக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அதற்கு முன்னர் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால், அதை அவருக்கு வாசித்துக்காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வெஸ்ட் ஹாம் ரசிகன்