தேங்கிய அழகுசாதனப் பொருட்கள்: விலையைக் குறைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்காமல் தேங்கும் அழகுசாதனப் பொருட்களை அழிக்காமல் மறுவிற்பனைக்கு விடலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால் விலையைக் குறைத்தாலே சரக்கு நகர்ந்துவிடும் என்பதுபோல் அது முடிந்திருந்தது. விலை கடைசியாக வரும் வேலை. தேதி, சீல், பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்கு உற்பத்தியாளர் இடும் எண்) மூன்றும் சரியாக இல்லாத சரக்கை எந்த விலைக்கும் விற்கக் கூடாது. இவற்றைச் சரிபார்க்கக் கால அவகாசம் வேண்டும். அது கிடைக்காததால்தான் நல்ல பொருளும் குப்பைக்குப் போகிறது.

தேங்கும் சரக்கில் பெரும்பகுதிக்கு எந்தக் குறையும் இல்லை. பெட்டியின் வடிவமைப்பு மாறியிருக்கும். பண்டிகைக்குக் கட்டிய பரிசுப் பெட்டி பண்டிகை கடந்ததும் நின்றுபோயிருக்கும். ஃபவுண்டேஷனில் நடு ஷேடுகள் விற்றுத் தீர்ந்து, மிக வெளிர், மிக அடர் நிறங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். போதாக்குறைக்கு, மீதி ஆயுள் குறைந்துவிட்டது என்று பெரிய கடைகள் சரக்கை வாங்க மறுக்கின்றன. வாடிக்கையாளர் 2 மாதத்தில் தீர்த்துவிடும் கிரீம், இன்னும் ஓராண்டு ஆயுள் இருந்தும் விநியோகஸ்தரின் கிடங்கிலேயே கிடக்கிறது. மறுவிற்பனை முடிவை அங்கேயே, அந்த ஓராண்டு கையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். 3 மாதம்தான் பாக்கி என்ற நிலையில் எடுத்தால், சோதித்து, பிரித்து, அனுப்பி முடிப்பதற்குள் தேதி தாண்டிவிடும்.

தேதி விஷயத்தில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. திறந்த டப்பா படத்துக்குள் '12M' என்று இருந்தால் அது காலாவதித் தேதி அல்ல. திறந்த பிறகு 12 மாதம் பயன்படுத்தலாம் என்று பொருள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 30 மாதத்துக்கு மேல் கெடாத பொருளுக்குக் காலாவதித் தேதி அச்சிடுவது கட்டாயம் இல்லை. இந்தக் குறியே போதும். அப்படிப்பட்ட பொருள் திறக்காமல் கிடக்கும்போது அதன் வயதைச் சொல்லும் ஒரே சாட்சி பேட்ச் நம்பர்தான். அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எழுதுகிறது. இணையத்தில் எண்ணைத் தட்டித் தேதி பார்க்கும் தளங்கள் பல நேரம் ஊகத்தைத்தான் சொல்கின்றன. எனவே எந்த பேட்ச் எந்த மாதம் தயாரானது என்ற பட்டியலை உற்பத்தியாளரிடம் எழுத்தில் வாங்காமல் சரக்கை ஏற்கக் கூடாது. கிடங்கில் அடுக்கும்போதும் முதலில் வந்தது முதலில் என்று பாராமல், முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும்.

எல்லாப் பொருளையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. பவுடர், லிப்ஸ்டிக், மை பென்சில் ஆகியவற்றில் பொதுவாகத் தண்ணீர் இல்லை. கிருமி வளர இடம் குறைவு. மறுவிற்பனைக்கு ஏற்றவை இவைதான். லிப்ஸ்டிக்கில் எண்ணெய் சிக்குவாடை அடித்தால் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். தண்ணீர் கலந்த கிரீமும் லோஷனும் சூட்டில் திரிந்து பிரியும். வைட்டமின் சி சீரம் (அஸ்கார்பிக் அமில வகை) ஆக்சிஜன் பட்டால் வெளிர் நிறத்திலிருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பழுப்பானதில் வேலை செய்யும் சத்து பெரும்பாலும் போயிருக்கும். பென்சாயில் பெராக்சைடு உள்ள முகப்பரு கிரீமைத் தள்ளுபடிப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். சூட்டில் அது சிதைந்து, புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் உருவாகிறது. சன்ஸ்கிரீனில் 6 மாத ஆயுள்கூட மீதி இல்லையென்றால் விற்காமல் விடுவதே நேர்மை என்பேன். வாங்குபவர் அடுத்த கோடை வரை அதை வைத்திருந்து, தோலைக் காக்கும் என்று நம்பிப் பூசுவார்.

தேதி சரியாக இருந்தாலும் பொருள் எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும். நீண்ட கால இருப்பில் பொருள் எப்படி மாறும் என்று விரைவாக அறிய, உற்பத்தியாளர்கள் அதை 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் வைத்துப் பார்ப்பது வழக்கம். தகரக் கூரைக்கடியில் ஒரு கோடை கிடந்த சரக்கு அந்தச் சோதனையைத் தானாகவே அனுபவித்துவிடுகிறது! ஒவ்வொரு பேட்சிலும் 5 எண்ணம் எடுங்கள். மேல் பெட்டியிலிருந்து மட்டும் எடுக்காமல் சுவரோரம், கூரையோரம், நடு அடுக்கு என்று மாற்றி எடுங்கள். திறந்து முகருங்கள், பம்பை அழுத்துங்கள், கண்ணாடித் தகட்டில் தடவி நீர் கசிகிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் அந்த பேட்ச் முழுவதும் நிறுத்தப்பட வேண்டும்.

பரிசுப் பெட்டியைப் பிரித்து விற்பது எளிதாகத் தோன்றும். உள்ளே இருக்கும் 15 மில்லி குப்பியை எடுத்துப் பார்த்தால் சிக்கல் புரியும்: மூலப்பொருள் பட்டியல், பேட்ச், தேதி எல்லாம் பல நேரம் வெளி அட்டையில் மட்டுமே அச்சாகியிருக்கும். அட்டையைக் கிழித்தால் குப்பி அநாதை. ஒவ்வாமை உள்ளவர் வாசனைப் பொருளின் பெயரை எதில் தேடுவார்? முழு விவரமுள்ள லேபிள் ஒட்ட முடியாதென்றால் பெட்டியாகவே விற்றுவிட வேண்டும். அலுமினியத் தகடு, சுருக்கு உறை, செலோஃபேன் என எந்த சீல் உடைந்திருந்தாலும், வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய பொருளானாலும், கடையில் பூசிப் பார்க்க வைத்த டெஸ்டரானாலும் மறுவிற்பனைக்கு இடமில்லை. மேலே ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் உள்ளே இறங்கிய கிருமி சாகாது.

உற்பத்தியாளரின் அனுமதி இல்லாத வழிகளில் வரும் மறைமுகச் சந்தைச் சரக்கில் பேட்ச் நம்பரைச் சுரண்டியிருப்பார்கள். பழைய தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இரண்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நாளைக்கே உற்பத்தியாளர் ஒரு பேட்சைத் திரும்பப் பெற்றால், எண் இல்லாத குப்பியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூலப்பொருள் தடையையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லிலியால் என்ற வாசனைப் பொருள் 2022 மார்ச் 1 முதலும், ஜெல் நகப்பூச்சை விளக்கொளியில் இறுகச் செய்யப் பயன்பட்ட டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருள் 2025 செப்டம்பர் 1 முதலும் தடை செய்யப்பட்டன. தேதி பாக்கியிருந்தாலும் அத்தகைய பழைய சரக்கை அங்கே விற்க முடியாது.

சட்டங்கள் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. உணவல்லாத விற்காத பொருட்களை அழிப்பதற்கு எதிராக பிரான்ஸ் 2020-இல் சட்டம் இயற்றியது. 2024-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையின் அழிப்புத் தடையோ முதலில் ஆடைக்கும் காலணிக்கும்தான். அழகுசாதனங்கள் அதில் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். பேட்ச் நம்பர் எங்கே இருக்கும் என்று வாங்குபவர்களில் பலருக்குத் தெரியவில்லை. டியூபின் அடியில், மடித்து ஒட்டிய விளிம்பில் மை இல்லாமல் அழுத்திப் பதித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதே எண் அட்டைப்பெட்டியின் மடிப்பிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாங்க வேண்டாம். இதை ஒரு படத்தோடு வெளியிட்டால் தள்ளுபடியில் வாங்குவோர் கடையிலேயே சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கிடங்குத் தரச் சோதனைப் பணியில் உள்ள ஒரு வாசகர்