விளையாட்டு உபகரணங்கள் பொருத்தும் சிரமதானம்: உறுப்பினர்களுக்கான அறிவிப்பு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பாடசாலைகளும் பூங்காக்களும் புதியன வாங்கும்போது கழித்துவிடும் சறுக்குமரங்களையும் ஊஞ்சல்களையும் அங்குள்ள தொண்டர்கள் கழற்றித் துருநீக்கி அனுப்பிய கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, பொருட்கள் லொறியில் ஹபரணை வழியாக உப்புவெளிக்கு வந்து சேர்ந்துவிட்டன. வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு முன்பள்ளி வளவில் பொருத்தும் வேலை ஆரம்பமாகும்.

அமெரிக்காவில் 2003 இறுதிவரை விளையாட்டு உபகரணங்களுக்கான மரங்களுக்கு, அவை உக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்து பரவலாக ஏற்றப்பட்டு வந்தமையால், கூடவே வந்துள்ள பழைய மரத்தூண்களை நாம் பயன்படுத்தப் போவதில்லை. அவற்றை அடுப்புக்கென்று எவரும் எடுத்துச் செல்ல வேண்டாம். புகையும் சாம்பலும் நஞ்சாகும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதையும் தவிர்க்கவும்.

உப்புக்காற்றில் சாதாரண போல்ட் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளையே வாங்கியுள்ளோம். வெயிலில் சுடாதிருக்கச் சறுக்குமரத்தை வடக்கு நோக்கி வைப்பது அமெரிக்கர்களது வழக்கம். உச்சி வெயில் விழும் நம் ஊரில் திசையைவிட வேம்பின் நிழலே உதவும் என்பது என் அபிப்பிராயம்.

ஊஞ்சலின் கீழ் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணல் நிரப்ப வேண்டியிருப்பதால் மண்வெட்டி, தாச்சி வைத்திருப்போர் கொண்டுவரவும். அடித்தளக் கொங்கிறீட் இறுகும்வரை, ஒரு வாரத்துக்குப் பிள்ளைகளை ஏறவிடக் கூடாது; அதற்குக் காவல் நிற்க விரும்புவோர் பெயர் தரவும்.