சால்ட் லேக் சிட்டிக்கு கார் எடுக்குற கலிபோர்னியா பே ஏரியா சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, அக்காமாரே,

சம்மர் லீவு விட்டாச்சு, அக்கா வீடு, சித்தி வீடுன்னு பாதி பேர் கிளம்பிருவீங்க. ஐ-80 ஹைவேல ஏறினா பதினோரு பன்னெண்டு மணி நேரத்துல போய் சேந்துரலாம், ஒத்துக்குறேன், ஆனா லாரிக்குப் பின்னாடி லாரியா பாத்துக்கிட்டே போறதுக்கு எதுக்குங்க கார்ல போகணும்? கடைசில வர்ற பானவில் உப்புவெளி மட்டும் சூப்பர், அத ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்.

போகும்போது ஹைவே 50 எடுங்க. 1986ல லைஃப் பத்திரிகை இதத்தான் அமெரிக்காவுலயே தனிமையான ரோடுன்னு எழுதுச்சு, அத படிச்சு பயந்து ஓடாம நெவாடாக்காரங்க அதையே விளம்பரமாக்கிட்டாங்க, ஊருக்கு ஊர் முத்திரை குத்திக்க ஒரு புக்லெட் வேற குடுக்குறாங்க, பிள்ளைங்களுக்கு அது போதும்.

நெவாடாவுல ஃபேலன்ங்கிற ஊரு தாண்டினதும் சாண்ட் மவுண்டன், சுமார் 600 அடி மணல் மேடு, மணல் சரியும்போது சத்தம் கேக்கும்பாங்க. அதுக்கப்புறம் ஒரு மலை ஏறி எறங்கினா ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி மலை, மறுபடி பள்ளத்தாக்கு, ரோடு நேரா கோடு போட்ட மாதிரி கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் ஓடும். மழை மேகத்த எல்லாம் சியரா மலை கலிபோர்னியா பக்கமே தடுத்துடுது, இங்க பெய்யுற கொஞ்ச நஞ்ச தண்ணியும் கடலுக்குப் போகாது, உள்ளேயே வத்திரும். பாலைவனம்னு சொன்னாலும் தரையெல்லாம் சேஜ் செடி, மழை தூறினா அந்த வாசனை இருக்கே, ஏசிய அணைச்சிட்டு கண்ணாடிய எறக்கிருங்க.

ஈலிங்கிற ஊரு தாண்டி ஒரு மணி நேரத்துல கிரேட் பேசின் நேஷனல் பார்க். 13,000 அடிக்கு மேல வீலர் சிகரம், அங்க 3,000 வருஷத்துக்கு மேல வயசான பிரிஸ்டில்கோன் பைன் மரங்க இன்னும் உசுரோட நிக்குது. மேல போற ரோடு பனிக்காலத்துல மூடிருவாங்க, அதனாலதான் சம்மர்ல போங்கன்றேன்.

ஃபேலன்ல டேங்க ஃபுல் பண்ணுங்க, அடுத்த ஊரு ஆஸ்டின் (டெக்சாஸ் ஆஸ்டின் இல்லப்பா) 110 மைல். எலெக்ட்ரிக் கார்னா சார்ஜர் எங்கன்னு வீட்லயே பாத்துருங்க. புளியோதரை கட்டிக்கங்க, தண்ணி நெறைய வச்சுக்கங்க. பொழுது சாஞ்சப்புறம் ஓட்டாதீங்க, மாடும் மானும் ரோட்டுல வந்து நிக்கும். வழில பாதி நேரம் சிக்னல் இருக்காது, அதனால ஈலில ரூம் போட்டுட்டு அக்காவுக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, மறுநாள் சாயங்காலம்தான் வருவோம், சோறு வடிச்சிட்டு காத்திருக்காதன்னு சொல்லிருங்க.

இப்படிக்கு,
உங்கள்ல ஒருத்தன்