வலைக்குள் ஓடும் அலையும் பார்வையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் கண்ணைப் பற்றி வந்த கட்டுரை, விழித்திரையில் பிம்பம் விழுவதோடு முடிந்துவிட்டது. வகுப்பில் நாங்களும் அங்கேதான் நிறுத்துகிறோம், அதுதான் என் வருத்தம். பார்ப்பது அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

எங்கள் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் நிழல்வலை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். காற்றில் ஒரு வலை துளி அசைந்தாலே பெரிய பெரிய அலைகள் ஓடும். அது வலைகளே உண்டாக்கும் வடிவம், கேமராவிலும் பதியும். மூளை தானே முடிவுகட்டும் விஷயம் வேறு ஒன்று இருக்கிறது.

கோடுகள் அச்சிட்ட இரண்டு ஓஎச்பி ஷீட்டுகளை (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள்களை)க் கோடுகள் குறுக்கிடும்படி வைத்து, ஓரங்கள் தெரியாமல் வட்ட ஓட்டை போட்ட அட்டையால் மூடுங்கள். ஒன்றை வலப்பக்க மேல்மூலைக்கும் மற்றதை வலப்பக்கக் கீழ்மூலைக்கும், அதனதன் கோட்டுக்குச் செங்குத்தாக இழுங்கள். என் வகுப்பில் சில பிள்ளைகள், கட்டம் போட்ட ஒரே துணி நேராக வலப்பக்கம் போகிறது என்றார்கள். அந்தத் திசையில் எந்த ஷீட்டும் போகவில்லை! மற்றவர்களுக்கு இரண்டு அடுக்குகள் தனித்தனியே வழுக்கின. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருவருக்கே இது அதுவாக மாறும்.

காரணம் இதுதான். சிறு துளை வழியே ஒரு நீளக்கோட்டைப் பார்த்தால், அது தன் நீளவாக்கில் அல்லாமல் வேறு எப்பக்கம் நகர்ந்தாலும் கோட்டுக்குச் செங்குத்தாக நகர்வதாகவே தெரியும். மூளையில் பார்வையைக் கவனிக்கும் மேற்பகுதியான பார்வைப் புறணியின் முதல்கட்ட செல்கள் ஒவ்வொன்றும் அப்படி ஒரு துளை அளவுதான் பார்க்கின்றன. மூளையில் அசைவைக் கவனிக்கும் எம்டி என்ற பகுதியில் உள்ள சில செல்கள் அந்தத் துண்டுச் செய்திகளைச் சேர்த்து முழு வடிவத்தின் திசையைச் சொல்கின்றன. இரண்டு கோட்டு வரிசைகள் எப்போது ஒன்றாகச் சேர்ந்து நகர்வதாகத் தெரிகின்றன என்பதை எடெல்சன், மோவ்ஷன் என்ற பார்வை ஆய்வாளர்கள் 1982இல் ஆராய்ந்தார்கள். இரண்டு கோட்டு வரிசைகளின் நெருக்கமோ அழுத்தமோ மிகவும் வேறுபட்டால் அவை ஒன்றாகச் சேர்வதில்லை.

1990இல் ஸ்டோனர், ஆல்பிரைட், ராமச்சந்திரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும், கோடுகள் வெட்டும் இடத்தின் வெளிச்சத்தை மாற்றியே பார்வையை மாற்றிக் காட்டினார்கள். ஊடுருவித் தெரியும் இரண்டு தாள்கள் படிந்தால் எவ்வளவு இருட்டுமோ அவ்வளவு இருந்தால், மூளை அவற்றைத் தனித்தனி அடுக்காகப் பிரித்துவிடுகிறது. மூவரில் ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இதைக் கிராமத்துப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது.

அந்த இரண்டு கோட்டுப் படங்களையும் மாணவர் பக்கத்தில் பெரிதாக அச்சிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஷீட்டில் எடுத்து, எந்தப் பள்ளியிலும் செய்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
கெலமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டம்