உன் காரின் சேசிஸ் எண்ணை அனுப்பு

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. மைனியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு நின்றுகிடக்கிறது. குலசேகரம் சந்தையில் நேந்திரன் குலைக்கு மட்டும் நல்ல விலை.

ஊர்க் கதையை நேரில் பேசலாம். இப்போது எழுதுவது நீ திருவனந்தபுரத்தில் வாங்கிய பழைய காரைப் பற்றி. என்னுடையதும் அதே மாடல், ஏறக்குறைய அதே வருடம். எனக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்ஜினில் உள்ள ஒரு சென்சார் பழுதாக வாய்ப்பிருக்கிறதாம், வண்டியைக் கொண்டுவந்தால் காசில்லாமல் மாற்றித் தருவார்களாம். உனக்கு வந்ததா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடிதம் வருவதற்கு முன்பே என் வண்டி தன் வேலையைக் காட்டிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. ஒதுங்க இடமில்லாத பாலம் அது, உனக்குத் தெரியும். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. குழித்துறையில் நம் பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டி ஆறிப்போயிருந்ததால் அவர் கண்ணில் எந்தக் குறையும் படவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சூட்டில் மட்டும் வெளிப்படும் நோயை ஆறிய உடம்பில் யார் கண்டுபிடிப்பது?

கம்பெனி சொன்ன அந்தச் சென்சார் கிராங்க் ஷாஃப்ட் சென்சார். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு பற்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் கடந்துபோவதை இந்தச் சென்சார் உணர்ந்து வண்டியில் உள்ள கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பல வண்டிகளில் 60 பல் இருக்கவேண்டிய இடத்தில் வேண்டுமென்றே 2 பல்லை விட்டு 58 வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும் நேரத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது, எப்போது பெட்ரோல் தெளிப்பது, எப்போது தீப்பொறி விடுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சென்சார் பேச்சை நிறுத்தினால் பெட்ரோலும் நிற்கும், பொறியும் நிற்கும். உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்பு சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாலத்தின் மேல் நடந்தது அதுதான்.

நிற்பதைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆபத்து. என்ஜின் நின்றதும் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட விசை ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். அதன்பிறகு பெடலைக் காலால் தள்ளுவது பாறையைத் தள்ளுவதுதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெளியே சொல்லாதேயும், வண்டி விலைபோகாது" என்றார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. குறை இருப்பதைச் சொல்லிக் கூப்பிடுகிறவனைவிட, வாயை மூடிக்கொண்டிருப்பவனிடம்தான் எனக்குப் பயம். சரிசெய்த ரசீது கையில் இருந்தால் விற்கும்போதும் அது பலம்தான்.

ஷோரூமில் முதலில் உதிரிபாகம் வரவில்லை என்று தவணை சொன்னார்கள். வந்த பிறகு பார்த்தால் மாற்றும் வேலை சின்னதுதான். ஆனால் ஜாப் கார்டில் வீல் அலைன்மென்டையும் ஏதோ சுத்திகரிப்பையும் சேர்த்து எழுதப் பார்த்தார்கள். கம்பெனி சொன்ன வேலை மட்டும் போதும் என்று அழுத்திச் சொன்னேன். நீயும் சொல். பூஜ்யம் ரூபாய் பில்லாக இருந்தாலும் கேட்டு வாங்கு.

இப்போது உன் விஷயம். இத்தகைய கடிதம் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். உன் வண்டியைப் பொறுத்தவரை அது திருவனந்தபுரத்து முதல் உரிமையாளரின் வீடு. அவர் வண்டியை விற்றதோடு அதை மறந்திருப்பார். நீ கேரள எண்ணை மாற்றித் தமிழ்நாட்டு எண் வாங்கிவிட்டதால், நம்பர் பிளேட்டை வைத்துத் தேடினாலும் பிடிபடாமல் போகலாம். என்றைக்கும் மாறாதது சேசிஸ் எண், அதாவது கம்பெனி வண்டியின் உடம்பிலேயே பொறித்துவிடும் அடையாள எண். ஆர்.சி. புத்தகத்தில் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். படித்துச் சொல்லும்போது ஒன்றைக் கவனி: அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம், ஐ போலத் தெரிந்தால் அது ஒன்று. கம்பெனி இணையதளத்தில் அதைப் போட்டால் உன் வண்டி பட்டியலில் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பழைய வண்டிதானே, எவன் மதிப்பான் என்று நினைக்காதே. குறை வண்டியில் பிறந்தது, நீ இரண்டாம் கை என்பதால் அது மறைந்துவிடாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு மத்திய அரசே உத்தரவிட இப்போது வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன்பு, 2012 முதல், கம்பெனிகள் தாமாக முன்வந்தால்தான் உண்டு.

சேசிஸ் எண்ணைப் படமெடுத்து உடனே அனுப்பு, என் மகள் பார்த்துச் சொல்லிவிடுவாள். பேரப்பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போவதாக எழுதியிருந்தாயே, சென்சார் மாற்றும்வரை அந்த மலைப்பாதையில் இந்தக் காரை ஏற்றாதே. பஸ்ஸில் போ, பிள்ளைகளுக்கும் ஜன்னலோரம் கிடைக்கும்.

அன்புடன்,
தங்கமணி
மார்த்தாண்டம்